கவரைப்பேட்டைப் பார்வோனின் முப்பதாம் ஆண்டு

எகிப்தை எத்தனை பார்வோன்கள் ஆண்டார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கவரைப்பேட்டையை ஆண்டவன் ஒருவன்தான். அவன் பெயர் இம்மானுவேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம், எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகையன்று, அவன் எகிப்தின் ராஜா.

அவன் கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. அன்று சபையில் போடுகிற நாடகத்தில், எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலரை மீட்டுக்கொண்டு போகிற மோசே, முதல் வருஷத்திலிருந்து நான்தான். என் பெயர் ஜோசப். அதே கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. செங்கடலைப் பிளப்பது நான். ஜனங்களைக் காப்பாற்றுவது நான். கைதட்டு மட்டும், மூழ்கிச் சாகிற அவனுக்கு. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. பொறாமை இருக்கிறது, ஆனால் அதற்காகச் சொல்லவில்லை.

முதல் வருஷம் பார்வோன் வேஷத்துக்கு ஒருவரும் முன்வரவில்லை. ஆண்டவரை எதிர்த்து நிற்கிறவன் வேஷம், கட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். இம்மானுவேல் அப்போது லோடிங்கில் இருந்தான். பகல் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்து பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவன், "பார்வோனுக்கு நாற்காலி உண்டு" என்ற சத்தம் காதில் விழுந்ததும் கையைத் தூக்கிவிட்டான். உட்கார இடம் கிடைக்கும் என்று நினைத்து ராஜாவானவன் அவன்.

உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனசு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் இம்மானுவேலுக்குப் பெயர் கிடையாது. "ஏய் ஃபோர்க்லிஃப்ட், இங்க வா" என்றால் போக வேண்டும். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் அன்பு முக்கியமானவர். அன்பு எங்கள் சபைச் செயலாளரும்கூட. நாடகத்தில் அவருக்குச் செங்கல் சுமக்கும் அடிமை வேஷம். பண்டிகை நாளில் அன்பு முதுகில் தெர்மாகோல் செங்கலைச் சுமந்துகொண்டு வருவார். இம்மானுவேல் நாற்காலியில் உட்கார்ந்தபடி சாட்டையைச் சொடுக்கி, "சீக்கிரம்" என்பான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக அவன் வருஷம் முழுவதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான் என்றுகூடச் சொல்லலாம்.

இதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. கையில் ஸ்மார்ட்போன் வந்தது. எகிப்து ராஜாக்களைப் பற்றிய வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தான். டீ பிரேக்கில் நாங்கள் கிரிக்கெட் பேசினால் அவன் ராம்சேஸ் பேசுவான்.

"அறுபத்தாறு வருஷம் ஆண்டுக்கிறாருடா. நூறு புள்ளைங்களுக்கு மேல. தொண்ணூறு வயசுல பல்லெல்லாம் சொத்த. இன்னைக்கும் ஒடம்பு அப்படியே கீது. நம்ம அப்பனுங்க காலத்துல பூஞ்சை புடிச்சிக்கிச்சுன்னு பிளேன்ல ஏத்தி பாரீஸ் இட்டுனு போய் வைத்தியம் பார்த்துக்கிறாங்க, மிலிட்டரி மரியாதையோட. எனக்கு முட்டி வலின்னு அரை நாள் லீவு கேட்டேன், தரமாட்டேன்றான்."

நாடகத்தில் பார்வோன் என்றுதான் இருக்கிறது, எந்தப் பார்வோன் என்று எழுதவில்லை. அந்த ஓட்டையில் இம்மானுவேல் புகுந்துவிட்டான். வருஷத்துக்கு ஒரு ராஜாவாக வந்தான். ஒரு வருஷம் ஆக்கனாத்தன். சூரியன் ஒன்றே சாமி என்று சொல்லி, தலைநகரத்தையே பெயர்த்துக்கொண்டு போனவர். சிலைகளில் அவருக்குத் தொப்பை இருக்கும். தனக்கும் அதே தொப்பை இருப்பதாகச் சொல்லி, அதைத் தள்ளிக்கொண்டு மேடையேறினான். அடுத்த வருஷம் துட்டன்காமுன். ஒன்பது வயதில் பட்டத்துக்கு வந்தவர், கல்லறையில் நூறுக்கு மேல் கைத்தடி வைத்திருந்தார்கள். ஐம்பது வயது இம்மானுவேல் ஒன்பது வயது ராஜாவாகத் தடியூன்றி நொண்டிக்கொண்டு வந்தான். என் கையில் ஒரு கோல், அவன் கையில் ஒரு கோல். யார் மோசே என்று தெரியாமல் போதகரின் அம்மாவே குழம்பிப்போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்று கடல் பிளந்ததே பெரிய விஷயம்.

போன வருஷம்தான் விவகாரம் முற்றியது. கடல் மூடியதும் பார்வோன் சாக வேண்டும். இம்மானுவேல் மூழ்கினான், எழுந்தான், மறுபடி மூழ்கினான், மறுபடி எழுந்து ஒரு கையை நீட்டி வசனம் பேசினான். அடுப்பில் பிரியாணி அடிப்பிடித்தது. ஒரு வழியாகச் செத்தான். செத்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. அக்கரைக்குத் தப்பித்துப் போன இஸ்ரவேலர் நாலு பேர் திரும்பி வந்து பார்வோனைத் தூக்கிப் பெஞ்சில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. அந்த நாலு பேரில் அன்புவும் ஒருவர். இம்மானுவேலின் எடை அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

இந்த வருஷம் ஆடி மாதம் சபைக் கமிட்டி கூடியபோது அன்பு எழுந்தார். "பார்வோனை மாத்தணும். அடுத்த தபா தூக்குறதுக்கு அவரோட ஃபோர்க்லிஃப்ட்டத்தான் கொண்டாரணும்" என்றார்.

இம்மானுவேல் சிரித்தான். "யாரு இருக்கிறா எனக்கு அப்புறம்? சொல்லு பார்ப்போம்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அவனுடைய சொந்த மகள், பிரின்சி. கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறாள், வாய் எங்கள் மூன்று மணி சைரனை மிஞ்சும். சின்ன வயதில் அப்பன் மூழ்கும்போதெல்லாம் அவளும் கூடச் சேர்ந்து வசனம் பேசுவாள்.

"பொம்பள எப்டிம்மா ராஜா ஆவ முடியும்?" என்றான் இம்மானுவேல்.

"ஹாட்ஷெப்சுட் ஆனாங்களே நைனா. இருபது வருஷத்துக்கு மேல. ஒட்டுத்தாடி வெச்சிக்கினு. நீதான சொன்ன, டெய்லி சோறு துன்னும்போது."

கமிட்டி மொத்தமும் இம்மானுவேலைப் பார்த்தது. ஹாட்ஷெப்சுட் பொய் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் இந்த ஆள் வாயடைத்து நின்று நான் பார்த்தது அன்றுதான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

பிறகு அவனே வேறு ராஜாக்களைத் துணைக்கு இழுத்தான். எகிப்தில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு ராஜா முப்பது வருஷம் ஆண்டுவிட்டால், இன்னும் தெம்பு இருக்கிறதா என்று காட்ட ஜனங்களுக்கு முன்னால் ஓட வேண்டும். எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல் வரை. ஓடி முடித்தால் ஆட்சி புதுசு. ராம்சேஸ் அப்படிப் பல தடவை விழா எடுத்தாராம்.

"எனக்கு இது முப்பதாவது வருஷம். நான் ஓடுறேன். ஓடி முடிச்சா நான் ராஜா. இல்லாங்காட்டி எம்பொண்ணு."

போதகர் வேண்டாம் என்றுதான் சொன்னார். கமிட்டிக்கு ஆசை விடவில்லை. எனக்கும்தான்.

ஓட்டம் ஆடி மாத ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்த கையோடு. எகிப்தின் வட எல்லை எங்கள் கோயில் கொடிக்கம்பம். தென் எல்லை பஸ் ஸ்டாப் டீக்கடையின் பெஞ்சு. போய்ப் பெஞ்சைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ராஜாக்கள் குட்டை வேட்டி கட்டி, இடுப்பில் காளைவால் தொங்கவிட்டுத்தான் ஓடுவார்களாம். இம்மானுவேல் வேட்டியை மடித்து மடித்துத் தைத்துக்கொண்டான். மேலே சட்டை கிடையாது. தலையில் தங்கக் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடம். வாலுக்குத் தன் மனைவி ஜெபாவின் சவுரி முடியை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அது நான் கல்யாணத்துக்கு வெச்சிக்கிற சவுரி" என்றாள் ஜெபா.

"திருப்பித் தந்துடுறேன் ஜெபா. ராஜ்யம் பெருசா, சவுரி பெருசா?"

ஜெபாவின் முகத்தைப் பார்த்தால் சவுரிதான் பெரியது என்று தெரிந்தது.

விசில் ஊதியது நான்தான். பார்வோன் கிளம்பினான். தொப்பை முன்னால், வால் பின்னால், நடுவில் இம்மானுவேல். முட்டியைப் பிடித்துக்கொண்டு கொக்கு போல ஓடினான். அந்த வேகத்தில் போனால் ஆவணி பிறந்துவிடும் என்று அன்பு சொன்னார்.

ஆனால் பாதி வழியில் ஆட்டுக்கறிக் கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் நாயெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மனிதன் ஓடினால் எங்கள் ஊர் நாய்கள் கண்டுகொள்வதில்லை. வாலோடு ஓடுகிற மனிதனை அவை பார்த்ததில்லை. ஒன்று எழுந்தது, பிறகு எல்லாம் எழுந்தன. அதன் பிறகு இம்மானுவேல் ஓடிய ஓட்டத்தை எந்த எகிப்து ராஜாவும் ஓடியிருக்க மாட்டான். முட்டிவலி போன இடம் தெரியவில்லை. பெஞ்சு வந்தது, பெஞ்சைத் தாண்டினான், தொடவில்லை. அங்கே ஒரு ஷேர் ஆட்டோ புறப்பட்டுக்கொண்டிருந்தது. எகிப்தின் தென் எல்லையைக் கடந்து, பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டான். ஆட்டோ போய்விட்டது. நாங்கள் கொடிக்கம்பத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

ஆடி ஞாயிறு, ஆட்டோ நிறையப் பெரியபாளையம் போகிற ஜனம். பவானியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மேலெல்லாம் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயில் சுற்றுவது அங்கே வழக்கம். ஆகவே, சட்டையில்லாமல், கிரீடத்தோடும் வாலோடும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவன் வந்து ஏறினால் அந்த ஆட்டோவில் யாரும் பயப்பட மாட்டார்கள். பக்கத்திலிருந்த கன்னியம்மா என்கிற அம்மாள் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தாளாம்.

"உனுக்கு இன்னா வேண்டுதல்ணா?"

"ராஜாவாவே இருக்கணும்மா" என்றான் இம்மானுவேல், உண்மையைத்தானே கேட்கிறாள் என்று.

"வாலு?"

"முப்பது வருஷம் ஆயிட்ச்சு. அதுக்கு."

கன்னியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெரிய வேண்டுதலாக் கீது. ஆத்தா கைவுடமாட்டா" என்று தன் மடியிலிருந்த வேப்பிலைக் கொத்தை அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். இறங்கவிடவில்லை. வேண்டுதல்காரரிடம் டப்பு வாங்க மாட்டேன் என்று ஆட்டோக்காரரும் சொல்லிவிட்டார். பெரியபாளையத்தில் கூழ் குடிக்கவைத்து, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு, மத்தியானத்துக்கு மேல் அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் சபைக் கோயில் வாசலில் வந்து இறங்கியவனைப் போதகர் மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல மூஞ்சிய கழுவிக்கினு வாப்பா" என்று மட்டும் சொன்னார்.

அன்பு தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார். "பெஞ்ச தொடல. ஆட்டோ ஏறினது வேற. தோத்துட்ட இம்மானுவேலு."

"தேர் இருக்கச்சொல்ல எந்த ராஜா நடந்துக்கினு வருவான்?"

"அது ஷேர் ஆட்டோ."

ராம்சேஸ் ராஜா காதேஷ் என்ற ஊரில் ஒரு யுத்தத்துக்குப் போய், உயிர் தப்பியதே பெரிது என்று திரும்பி வந்து, கோயில் சுவரெல்லாம் தானே ஜெயித்ததாகச் செதுக்கிவைத்தாராம். இம்மானுவேலிடம் சுவர் இல்லை. அன்று சாயங்காலம் அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேப்பிலையும் கிரீடமுமாக ஒரு போட்டோ. கீழே, "மாபெரும் வெற்றி. எல்லையைத் தாண்டி ஓடிய ஒரே மன்னன்."

ஆனால் வேஷம் பிரின்சிக்குத்தான் போனது. பண்டிகைக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் ஒட்டுத்தாடியோடு பிரின்சி, ஓரத்தில் கோலோடு நான். இம்மானுவேல் டூட்டி முடிந்து வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, மூலை முடுக்கெல்லாம் தன் முகத்தைத் தேடினான். இல்லை.

"அது அப்டித்தான்டா" என்றான் என்னிடம். "புது ராஜா வந்தா பழைய ராஜா பேர சொரண்டிடுவாங்க. ஹாட்ஷெப்சுட்டுக்கும் அப்டித்தான் ஆச்சு."

அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான். டீயை வேண்டாம் என்று சொன்னது அவன் சரித்திரத்திலேயே இல்லாத விஷயம்.

பண்டிகை சாயங்காலம் வந்தது. கோயில் வளாகம் நிறையக் கூட்டம். கம்பெனி ஆட்கள்கூட வந்திருந்தார்கள். இம்மானுவேலுக்குத் தேரோட்டி வேஷம் கொடுத்திருந்தார்கள். தேர் என்பது கம்பெனியில் கேட்டு வாங்கிய கை டிராலி, தெர்மாகோல் குதிரை ஒட்டியது. அதைத் தள்ள அவனைவிடத் தெரிந்த ஆள் யார்? வாய் திறக்காமல் தள்ளினான். பிரின்சி மேலே நின்றாள்.

அவள் நடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாடியும் கிரீடமுமாக நாற்காலியில் உட்கார்ந்து, அன்புவைப் பார்த்துச் சாட்டையைச் சொடுக்கி, "சீக்கிரம்" என்றாள். ஒரே வார்த்தைக்கு மூன்று நிமிஷம் விசில். அன்புவே ஒரு செங்கலைக் கீழே போட்டுவிட்டார். இம்மானுவேலைப் பார்த்தேன். மூஞ்சியை உம்மென்று வைத்திருந்தான், ஆனால் உதடு மட்டும் மகள் பேசுகிற வசனத்தை எல்லாம் கூடவே பேசிக்கொண்டிருந்தது.

கடைசிக் கட்டம். செங்கடல் என்றால் எங்களுக்கு நீலப் புடவைகள். ஒன்றோடொன்று தைத்து, எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தார் இரண்டு பக்கமும் வரிசையாகப் பிடித்துக்கொண்டு அலையடிப்பார்கள். ஜெபா முன்வரிசையில் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். நான் கோலை உயர்த்தினேன், கடல் பிளந்தது. இஸ்ரவேலர் அக்கரை சேர்ந்தார்கள். டிராலி உள்ளே வந்தது. நான் திரும்பிக் கோலை நீட்டினேன், கடல் மூடியது. தேரோட்டிதான் முதலில் சாக வேண்டும். இம்மானுவேல் ஒழுங்காகச் செத்து ஓரமாக மல்லாந்தான்.

பிரின்சி சாக ஆரம்பித்தாள். அப்பன் கிண்டலுக்குச் செத்தவன். இவள் நிஜமாகச் செத்தாள். நீலப் புடவைக்குள் மூச்சு முட்டுகிற சத்தம் மைக்கில் வந்தது. கிரீடம் நழுவி உருண்டது. தாடி பிய்ந்து தொங்கியது. தாடி இல்லாத முகம் ஒரு தரம் அலைக்கு மேலே வந்தது, அது பார்வோன் இல்லை, பிரின்சி. பிறகு முகம் போய்க் கை மட்டும் தெரிந்தது. விரல்கள் விரிந்து, எதையோ பிடிக்கத் தேடி, மெதுவாக உள்ளே இறங்கின.

செத்துக்கிடந்த தேரோட்டி எழுந்தான்.

நாலு பேர் தூக்க வேண்டிய ஆள் தானாக எழுந்தான். புடவையை இரண்டு கையாலும் வாரி ஒதுக்கிக்கொண்டு நடுக்கடலுக்குப் போனான். குனிந்து அவள் கையைப் பிடித்தான்.

"ஏந்திரி கண்ணு. ஊட்டுக்குப் போலாம்."

"நைனா, வுடு" என்றாள் பிரின்சி பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் மேலேயே மைக் இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. "இப்ப நான் சாவணும். சீன் போயிடும்."

"போனா போவட்டும். இத்தினி வருஷம் நான் செத்தேன், எனக்கு ஒண்ணும் தெர்ல. நீ சாவுறத என்னால பாக்க முடில. வா."

பிரின்சி அவனைப் பார்த்தாள். எழுந்து, பிய்ந்த தாடியோடு, அப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலையடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் கையை நிறுத்திவிட்டார்கள். ஜெபா புடவை முனையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்பு அக்கரையில் செங்கலோடு நின்று, "ஜோசப்பு, எதனா செய்" என்று என்னிடம் சைகை காட்டினார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆண்டவர் செய்த அற்புதத்தில் குறுக்கே புகுந்து கெடுத்தவன் அவன். முப்பது வருஷமாக என் கைதட்டை வாங்கிக்கொண்டு போனவன். கடலுக்கு நடுவில் மூடிய புடவைக்குள் முட்டிவலியோடு மகளைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும், சாகத் தெரியும். கடலைப் பிளக்கத் தெரியாது. அது என் வேலை.

நான் கோலை உயர்த்தினேன். பெண்கள் புரிந்துகொண்டு இரண்டு பக்கமும் விலகினார்கள். கடல் மறுபடி திறந்தது. எங்கள் பக்கம் வருகிறவர்களுக்காக அல்ல. அப்பனும் மகளும் அதன் நடுவே, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, எகிப்துப் பக்கமாக நடந்து போனார்கள்.